பிரித்தலும் இடித்தலும்: செட்டிநாட்டு மனைகளைக் களைதற்குரிய கருவிகள் பற்றியதோர் ஆய்வு

முன்னுரை

வீடு ஒன்றனை இல்லாமற் செய்யும் தொழிலுக்குத் தமிழில் இருவேறு வினைகள் வழங்குகின்றன. கூரையைப் 'பிரிக்கிறோம்', சுவரை 'இடிக்கிறோம்'. ஓடு பிரித்தல், சாரம் பிரித்தல், பந்தல் பிரித்தல் என்னும் வழக்குகளில், பிரிக்கப்பட்ட பொருள் மீண்டும் பயன்படும் என்னும் கருத்து உள்ளுறைந்து நிற்கிறது. இடித்தல் என்னும் சொல்லில் அக்கருத்து இல்லை. இடிக்கப்பட்டது மண்ணோடு மண்ணாவதே இயல்பு. கட்டடத் தொழிலாளரின் நாவில் இன்றும் வாழும் இவ்வேறுபாடு, வெறும் சொல்வேறுபாடு எனத் தள்ளத்தக்கதன்று. ஒரு மனையைக் களைவோர் அதனைப் பிரிக்கின்றனரா, இடிக்கின்றனரா என்பதை அவர் கையிலெடுக்கும் கருவி காட்டிவிடும்.

செட்டிநாட்டுப் பெருமனைகள் பல, கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றன்பின் ஒன்றாகக் களையப்பட்டு வருகின்றன. அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைகளும் கதவுகளும் தளக்கற்களும் வேறிடம் சென்று வேறு கட்டடங்களில் அமைகின்றன. இம்மனைகளின் அழகினைப் பற்றி எழுதினோர் பலர். அவை எவ்வாறு கழற்றப்படுகின்றன, எக்கருவியால் கழற்றப்படல் வேண்டும் என்னும் வினாக்கள் வரலாற்று மாணவரின் கருத்தை அவ்வளவாக ஈர்க்கவில்லை. அவ்வினாக்களை எடுத்துக்கொண்டு, கருவித் தேர்வுக்கு அடிப்படையாவது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் கண்ட நெறி

களைவதற்கு முன் காக்க வேண்டியவற்றைக் காத்துக்கொள்ளுதல் தமிழகத்திற்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1012-13 அளவில், திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் திருவிமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுப்பிக்குமாறு ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்னர் அதன்மீதிருந்த கல்வெட்டுகளை எல்லாம் ஏட்டில் படியெடுத்துக்கொள்ளுமாறும் அவ்வாணை பணித்தது. கற்பணி முடிந்தபின், முதலாம் இராசேந்திரன் காலத்தில், அவ்வாசகங்கள் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இதற்கு முன்பே, கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமாகிய செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கற்றளி எடுப்பித்தபோது, அங்குக் கிடந்த பழைய கற்களின் வாசகங்கள் புதுச் சுவரில் ஏற்றப்பட்டன. 'பழங்கற்படி' எனக் கல்வெட்டறிஞர் சுட்டுவன இத்தகையனவே.

இச்செய்திகளிலிருந்து ஓர் உண்மை தெற்றென விளங்கும். திருமழபாடியில் கற்களைப் பெயர்த்த கடப்பாரைக்கு முன்னர்ப் பணிசெய்தது எழுத்தாணி. எது எங்கிருந்தது, எதனுடன் சேர்ந்திருந்தது, அதில் யாது எழுதப்பட்டிருந்தது என்பவற்றைக் குறித்துக்கொண்ட பின்னரே சுவரில் கை வைத்தனர்.

இந்நெறி எங்கும் எக்காலத்தும் பேணப்பட்டதெனக் கூறவியலாது. பிற்காலத் திருப்பணிகளில் எழுத்துடைய கற்கள் வரிசை மாறியும் தலைகீழாகவும் படிக்கட்டாகவும் அடுக்கப்பட்டமையை நாம் நன்கறிவோம். 'துண்டுக் கல்வெட்டு' என்று நம் தொகுதிகளில் இடம்பெறுவனவற்றுட் பல, கல் அழிந்ததனால் துண்டாயினவல்ல. வரிசை குறிக்கப்படாமையால் துண்டாயின. கல் இருக்கிறது, வாசகம் இல்லை. இவ்விழப்பு கோயில்களுக்கு நேர்ந்ததுபோலவே இன்று மனைகளுக்கும் நேர்ந்து வருகின்றது என்பதே யாம் சுட்ட விரும்புவது.

மனைகள் எழுந்ததும் வீழ்ந்ததும்

கருவிகளை ஆராயுமுன், களையப்படும் மனைகளின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1852ஆம் ஆண்டுப் போரின் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தின் நெல் வேளாண்மைக்கு முதல் வழங்கியோருள் நகரத்தார் தலையாயவர். அவ்வருவாயினின்றே செட்டிநாட்டின் பெருமனைகள் பல எழுந்தன. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்சியக் கண்ணாடியும் இங்கிலாந்தின் இரும்பும் கடல்வழி வந்தன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என நீண்டு ஒரு தெருவினின்று மறுதெரு வரை செல்லும் மனையமைப்பு, அக்காலத்தில் மேலும் பெருகி வளர்ந்தது.

1930ஐ ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியின்போது கடன்பட்ட உழவர் நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்து, 1937 அளவில் நூற்றுக்கு 25 ஆயிற்று. அவ்வாண்டிலேயே பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. 1942இல் சப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1963இல் வங்கிகளும் நாட்டுடைமையாயின. வருவாயின் ஊற்றுக்கண் அடைபட்டது, மனைகள் நின்றன.

வளவைச் சூழ்ந்த அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் உரியனவாக வகுக்கப்பட்டிருந்தமையால், தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகினர். மனை முழுவதையும் பேணுதற்குரிய பொருள் எவரிடத்தும் இல்லை. விற்பதற்கோ அனைவரின் இசைவும் வேண்டும். இந்நிலையில் ஓடுகள் சரிந்து மழைநீர் இறங்கிய மனைகள் களைவாருக்கு விடப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகள் இவ்வரலாற்றின் ஒரு பக்கத்தைக் காட்டுவன. எஞ்சிய மனைகளையுடைய செட்டிநாட்டு ஊர்கள் 2014ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்மொழிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கருவித் தேர்வின் அடிப்படை

எக்கருவி சிறந்தது என்னும் வினா பொதுவாகக் கேட்கத்தக்கதன்று. மனையின் உறுப்புகள் எதனாற் பிணிக்கப்பட்டுள்ளன என்பதை முதலில் அறிதல் வேண்டும். பிணிப்பினை அறிந்தோர்க்குக் கருவி தானே தோன்றும். செட்டிநாட்டு மனைகளில் நால்வகைப் பிணிப்புகளைக் காண்கிறோம்: மரப்பிணிப்பு, சுண்ணப்பிணிப்பு, இரும்புப்பிணிப்பு, சிமென்டுப்பிணிப்பு. இவற்றுட் பின்னவை இரண்டும் காலத்தாற் பிற்பட்டுப் பெருகியவை.

முதலாவது, மரப்பிணிப்பு. தூண், போதிகை, உத்திரம், கைமரம் ஆகியன கழுந்தும் துளையுமாகக் கோக்கப்பட்டு, மர ஆணியாலோ மூங்கில் ஆணியாலோ இறுக்கப்பட்டவை. இவ்வாணி ஒரு முனை சிறுத்தும் மறுமுனை பருத்தும் இருப்பின், சிறுத்த முனையிலிருந்தே அடித்து வெளியேற்றல் வேண்டும். அதற்கு வேண்டுவன ஆணியினும் சற்று மெலிந்த ஒரு தட்டுக்கோலும் கொட்டாப்புளியுமே. இரும்புச் சம்மட்டி ஈண்டு ஆகாது. அது கழுந்தைப் பிளக்கும். கொட்டாப்புளியால் அடிக்கும்போதும் இடையே மென்மரத் துண்டொன்றை வைத்தடிப்பது தச்சர் மரபு. பின்னர் இருபுறமும் ஆப்புகளை இட்டுச் சிறிது சிறிதாக, மாறி மாறி இறுக்கினால் மூட்டு நெகிழும். ஒருபுறம் மட்டும் நெம்பினால் கழுந்து ஒடியும். கழுந்து ஒடிந்த உத்திரம் மறுமுறை உத்திரமாகாது. அறுத்துப் பலகையாக்குதற்கே உதவும்.

நிலைகளைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். நிலையின் மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் சுவரினுள் நீண்டு புதைந்திருப்பதுண்டு. விரைந்து எடுக்க விரும்புவோர் அம்முனைகளை வாளால் அறுத்துவிடுகின்றனர். நிலை வெளிவந்துவிடும்; ஆயின் அதன் பிடிப்பு போய்விடும். சுற்றியுள்ள செங்கல்லை மேலிருந்து கீழாக எடுத்து நிலையை முழுமையாக வெளிக்கொணர்வதே முறை. குடுமியிற் சுழலும் கதவுகளை, குடுமி தங்கும் குழியைத் திறந்து, கதவைச் சற்றே உயர்த்தி எடுத்தல் வேண்டும். எனவே நிலைக்குரிய முதற்கருவி மரவேலைக் கருவியன்று. கொத்தனாரின் உளியும் கரண்டியுமே.

இரண்டாவது, சுண்ணப்பிணிப்பு. சுண்ணாம்பும் மணலும், கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்தரைத்த சாந்து பழஞ்சுவர்களைப் பிணித்தது. வெளிப்பூச்சிற்கு முட்டையின் வெண்கருவும் சேர்க்கப்பட்டது. சுண்ணச் சாந்து பொதுவாகச் செங்கல்லினும் மெல்லியது. ஆதலின் அகன்ற வாயுடைய உளியை இடைச்சாந்தில் வைத்து மெல்லத் தட்டினால் சாந்தே விட்டுக்கொடுக்கும். செங்கல் முழுதாக வெளிவரும். சாந்து தன்னை இழந்து கல்லைக் காக்கிறது எனலாம். ஒட்டியிருக்கும் சாந்தைக் கொத்துக்கரண்டியின் விளிம்பாலேயே சுரண்டிவிடலாம். மரவிட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் மூலைவாட்டாகப் பரப்பிச் சுண்ணச் சாந்திட்ட மேற்றளங்களிலும் இம்முறையே பொருந்தும்.

மூன்றாவது, இரும்புப்பிணிப்பு. ஆணி, மரையாணி, கீல், பட்டை, இரும்பு உத்திரம் என்பன இதனுள் அடங்கும். ஆணியின் முனை மறுபுறம் வெளிப்பட்டிருப்பின், முதலில் அம்முனையைத் தட்டித் தலையை எழச்செய்து, பின் பிளவுவாய்க் கடப்பாரையால் எடுத்தல் வேண்டும். கடப்பாரையின் அடியில் ஒரு மரத்துண்டை வைப்பின் பலகையிற் குழி விழாது. நெம்பும் ஆற்றலும் மிகும். மரையாணிகளைக் கழற்றப் புகுவோர், தலைப்பிளவில் அடைந்துள்ள வண்ணத்தை முதலிற் சுரண்டி, பிளவின் அகலத்திற்கு ஒத்த வாயுடைய திருப்புளியைத் தெரிதல் வேண்டும். துருவேறி அசையாதவற்றை, பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தலைமேற் சிறிதுநேரம் வைத்து இளக்கலாம். எடுத்த மரத்தை அறுக்குமுன் காந்தத்தை அதன்மீது நடத்தி, உள்ளே முறிந்து மறைந்த ஆணிகளைக் கண்டறிதல் அறுவை வாளையும் அறுப்போர் கையையும் காக்கும்.

நான்காவது, சிமென்டுப்பிணிப்பு. 1824இல் இங்கிலாந்தில் சோசப்பு ஆசுப்டின் என்பார் போர்ட்லண்டு சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் அதனை ஆக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையிலேயே நிகழ்ந்தது, அது நிலைபெறவில்லை. பிற்காலத்தில் இந்நாட்டிற் சிமென்டு மலிந்தபோது, பழைய சுண்ணச் சுவர்களைப் பழுதுபார்க்கவும் அதனையே பூசினர். சிமென்டுச் சாந்து பழைய நாட்டுச் செங்கல்லினும் வலியது. உளியின் அடிக்குச் சாந்து விட்டுக்கொடாது, கல்லே உடையும். ஆத்தங்குடித் தளக்கற்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். சுண்ணப் படுகையில் பதித்த கல், மெல்லிய தட்டையுளிக்கு இசைந்து எழும். சிமென்டுப் படுகையில் பதித்தது பெரும்பாலும் உடைந்தே வரும். எவ்வகைப் படுகை என்பதை அறிய, சுவரோரத்துக் கல் ஒன்றை மட்டும் முதலிற் சோதித்தல் வேண்டும். அவ்வொன்றை இழக்க நேரினும் ஏனையவற்றின் நிலை விளங்கிவிடும்.

மேற்கூறியவற்றால் ஒரு பொதுவிதி பெறப்படும்: தச்சன் கூட்டியதைத் தச்சன் கருவியாலும், கொத்தன் கூட்டியதைக் கொத்தன் கருவியாலும், கொல்லன் கூட்டியதைக் கொல்லன் கருவியாலுமே பிரித்தல் வேண்டும். கூட்டிய வரிசையின் தலைகீழ் வரிசையே பிரிக்கும் வரிசை. ஆகவே பிரிக்கத் தெரிந்தவன் கட்டத் தெரிந்தவனாக இருத்தல் இன்றியமையாதது.

இறக்குதலும் காத்தலும்

கழற்றுதலோடு பணி முடிவதில்லை, இறக்குதலும் உண்டு. 10 அடி உயரமும் 9 அங்குல விட்டமும் உடைய தேக்குத் தூண் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ளது. 12 அடி நீளமும் 9 அங்குலச் சதுர முகமும் உடைய உத்திரம் 120 கிலோவைக் கடக்கும். இவற்றை மேலிருந்து தள்ளிவிடுதல் எளிது. விழுந்த மரத்தில் வெடிப்பும், கீழே நிற்பார்க்கு இறப்பும் நேரலாம். சாரமும் கப்பியும் வடமும் இங்கே முதன்மைக் கருவிகள். வடத்திற்கும் மரத்திற்கும் இடையே சாக்கைச் சுற்றினால் சிற்பவேலை தேயாது.

உத்திரங்கள் சுமை தாங்குவன மட்டுமல்ல. எதிரெதிர்ச் சுவர்களைப் பிணித்து நிறுத்துவனவுமாம். விலைமிக்க மரத்தை முதலிற் பெறும் விழைவால், மேற்சுவரை இறக்காமல் உத்திரத்தை உருவினால் சுவர் சாயும். மின்னிணைப்பை முன்னரே துண்டித்தலும், பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலின் அவற்றை எந்திரத்தால் தேய்த்துத் தூளாக்காமையும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதலும் தொழிலாளர் உயிர்க்கு அரணாவன. மனைப்பொருளைக் காப்பதற்காக மனிதரை இழத்தல் எவ்வாற்றானும் ஏற்கத்தக்கதன்று.

எண்ணிடுதல்

இனி, கருவிகளுள் தலையாயதற்கு வருவோம். அது விலையாற் சிறியது: எழுதுகோலும் நூலும். நெடுநல்வாடை, மனை எடுப்போர் நிழல் நோக்கித் திசை தேர்ந்து, நூலிட்டு இடம் வகுத்த செய்தியைக் கூறுகின்றது. கட்டுதற்கு முதற்கருவியாகிய நூலே பிரித்தற்கும் முதற்கருவியாதல் பொருத்தமுடையது. நூலால் அளந்து மனையின் கிடைப்படம் வரைந்து, ஒவ்வொரு தூணுக்கும் நிலைக்கும் உத்திரத்திற்கும் எண் வழங்கி, அவ்வெண்ணைப் படத்திலும் பொருளிலும் எழுதல் வேண்டும். பொருளின் வெளிமுகத்தில் எழுதினால் தேய்க்கும்போது அழியும். கழுந்திலோ துளையின் அருகிலோ எழுதுவதே தக்கது. இன்று ஒளிப்படம் எளிதாயினும், எண்ணில்லாத ஒளிப்படம் ஒரே வடிவுடைய 40 தூண்களை வேறுபடுத்திக் காட்டாது.

எண்ணிடும்போது பொருளில் முன்னரே உள்ள எழுத்துகளையும் குறிகளையும் படியெடுத்தல் வேண்டும். ஓட்டின் அடிப்புறத்தில் ஆலையின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். மங்களூரில் பேசல் மிசனார் ஓட்டாலை தொடங்கியது 1865இல்; ஆதலின் அவ்வாலையின் முத்திரையுடைய ஓடு அம்மனையின் கூரைக்கு ஒரு கால எல்லையைத் தருகிறது. இரும்பு உத்திரத்தில் உருட்டாலையின் பெயர் எழுந்து நிற்கும். நிலையின் மேற்பலகையில் ஆண்டும் பெயரும் செதுக்கப்பட்டிருப்பதுண்டு. கழுந்துகளில் தச்சர் தமக்கெனக் கீறிய அடையாளங்கள் இருக்கலாம். மூட்டைப் பிரிக்கும் அந்நேரமன்றி வேறெந்நேரத்தும் அவற்றை எவரும் காண இயலாது. மேற்றளத்தை இடித்து வீழ்த்தும் சம்மட்டிக்கு இவையனைத்தும் ஒன்றே.

இவ்வாறு எண்ணிட்டுப் பிரித்த மனை மீண்டும் எழக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. 1891இல் சுவீடன் நாட்டு ஆர்தர் அசேலியசு என்பார் சுடாக்கோம் நகரில் நிறுவிய சுகான்சன் என்னும் திறந்தவெளிக் காட்சியகம், பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் கோத்து நிறுத்தியது. தமிழகத்தில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வணிகர் மனை உள்ளிட்ட தென்னாட்டு வீடுகள் இம்முறையில் நிற்கின்றன.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழுதல் இயல்பு. களைவோர் மனையை ஒரு தொகைக்கு மொத்தமாக எடுக்கின்றனர்; குறித்த நாளுக்குள் இடத்தைத் தரைமட்டமாக்கித் தருதல் வேண்டும்; கொட்டாப்புளிக்கும் ஆப்புக்கும் அவகாசம் ஏது என்பர். இத்தடை உண்மையானதே. மண்வாரி எந்திரமும் மின் அறுவைச் சக்கரமும் மேலோங்கியமைக்குக் காரணம் தொழிலாளரின் அறியாமையன்று, ஒப்பந்தத்தின் காலவரையறையே. அன்றாடக் கூலிக்கு உழைப்பாரை இதன்பொருட்டுக் குறைகூறுதல் அறமாகாது. ஆகவே கருவித் தேர்வு களத்தில் நிகழ்வதன்று. ஒப்பந்தம் எழுதும்போதே நிகழ்ந்துவிடுகிறது. பிரிக்கும் பணிக்கும் இடிக்கும் பணிக்கும் தனித்தனி நாள் குறித்து, எண்ணிடுதலை ஒரு நிபந்தனையாக்கினால், கருவிகள் தாமே மாறும்.

நன்கு பிரித்தலைப் போற்றுவது மனைகள் சிதறுவதற்குத் துணைபோவதாகாதோ எனவும் கேட்கலாம். நிற்கக்கூடிய மனை நிற்றலே முதற்கண் வேண்டத்தக்கது என்பதில் எமக்கு ஐயமில்லை. தூணொன்று தொலைநாட்டு விடுதியின் முற்றத்தில் அழகாக நிற்பினும், அது இருந்த வளவை அதனால் உணர்த்த இயலாது. ஆயினும் நிற்க இயலாத மனைகளும் உள. அவற்றின் இறுதி நாட்களில் நாம் பெறக்கூடியவை இரண்டு: பொருளும், அப்பொருளின் வரலாறும். பொருள் எப்படியும் விலைபோகும். வரலாற்றை எடுத்துச் செல்ல எவரும் வருவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், களைதற்குரிய கருவி பிணிப்பின் இயல்பால் தேரப்படல் வேண்டும் என்பதும், மரத்திற்கும் சுண்ணத்திற்கும் இரும்பிற்கும் சிமென்டிற்கும் தனித்தனிக் கருவியும் முறையும் உள என்பதும், அவையனைத்திற்கும் முன்னர் எழுதுகோலும் நூலும் செல்லல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன.

தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. கழுந்து, போதிகை, குடுமி, கொட்டாப்புளி முதலிய சொற்கள் முதிய தச்சர் கொத்தர் நாவில் இன்னும் வழங்குகின்றன; மனைகள் மறைந்தபின் அவையும் மறையும். ஒரு மனை களையப்படுவதை அறிந்தவுடன் ஏடும் எழுதுகோலும் கொண்டு அங்குச் சென்று, உறுப்பின் பெயரையும் கருவியின் பெயரையும் தொழிலாளரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுதல் மாணவர்க்கு இயலாத செயலன்று. திருமழபாடியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏட்டோடு நின்றவரின் பணியும் அதுவே. அவர் எழுதிவைத்தமையாலன்றோ, அவ்விமானம் பிரிக்கப்பட்ட பின்னரும் அதன் பழைய வாசகங்களை நாம் இன்று படிக்கின்றோம்.